நம்பர் அக்காவின் முதல் வகுப்பு

சாக்பீஸை முதலில் இரண்டாக உடைக்கிறார். பெரிய துண்டு கைப்பைக்குள் போய்விடுகிறது, சிறியதால்தான் எழுதுகிறார். பலகையில் ஒன்று முதல் ஆறு வரை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஆறுக்கு அடியில் ஒரு கோடு. பிறகு சுவர்ப்பக்கம் போகிறார். மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடி அது. கண்ணாடிச் சட்டத்தை மாட்டி முகம் பார்ப்பதற்காக வரிசையாகத் தொங்கும் நிலைக்கண்ணாடிகளை ஒவ்வொன்றாகச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைக்கிறார். "தன் மூஞ்சி குறுக்க வந்துச்சுன்னா யாரும் உள்ளதப் பேச மாட்டாங்க" என்கிறார், யாரும் கேட்காமலே.

வயது ஐம்பத்துமூன்று. வாரத்தில் ஆறு நாள் கீழே கடையில் கண் பார்வை சோதிக்கிறார். ஏழாம் நாள் காலை பத்து மணிக்கு மேலே மனிதர்களைச் சோதிக்கிறார். கடை அவருடைய தம்பியுடையது. தெருவில் எல்லோருக்கும் அவர் நம்பர் அக்கா. எதிரில் வருபவரின் பெயரை இவர் கேட்பதே இல்லை. "பேரு உங்க அப்பா அம்மா வச்சது. அத வச்சு எனக்கு என்ன தெரியப்போகுது?" இருபது நிமிடம் பேச விட்டு, தலையைச் சற்றுச் சாய்த்து, "நீங்க மூணு" என்றோ "நீங்க அஞ்சு" என்றோ சொல்லிவிடுவார். அதன்பிறகு அவரைப் பொறுத்தவரை அதுதான் உங்கள் பெயர்.

தொழில் பழக்கம் நாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டே முப்பது வருடம் ஓட்டியவர். காய் வாங்கும்போதும் அதே கேள்வி. தம்பி ஒரு நாள் நெஞ்சு வலிக்கிறது என்றபோதுகூட, "இப்படி நிமிந்தா வலி தெளிவா இருக்கா, குனிஞ்சா தெளிவா இருக்கா?" என்று கேட்டிருக்கிறார்.

பத்திரிகைக்குக் கொஞ்சம் சிரிப்பாக எழுதலாம் என்றுதான் அந்த முதல் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். ஆறு வகை மனிதர்களைப் புதியவர்களுக்கு அறிமுகம் செய்யும் வகுப்பு, ஐந்து ஞாயிறுகள். பள்ளிப் பேருந்து ஓட்டுநர் ஒருவர், நர்ஸ் ஒருவர், ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டே இருந்த அக்கா தங்கை இருவர், லிப்ட் பழுது பார்க்கும் மெக்கானிக் ஒருவர், நான்.

"வீட்ல ஒரு கண்ணாடி டம்ளர் உடையுது" என்று ஆரம்பித்தார் நம்பர் அக்கா. "நீங்க பக்கத்து ரூம்ல இருக்கீங்க. சத்தம் கேட்டதும் முதல்ல என்ன பண்ணுவீங்க? யோசிக்காதீங்க. யோசிச்சா பொய் வரும்."

"யாருக்காச்சும் பட்டுச்சான்னு ஓடுவேன்" என்றார் நர்ஸ். அவர் ஒன்று. ஓட்டுநர், "எவன்டா உடைச்சதுன்னு கேப்பேன்" என்றார், அவர் இரண்டு. அக்காக்காரி, பேச்சே இல்லாமல் துடைப்பத்தோடு போய் நிற்பாளாம். அவள் மூன்று. தங்கைக்காரி, "நான் இல்லைம்பேன்" என்றாள். "அதான், நீதான் உடைச்சிருப்பே" என்றாள் அக்காக்காரி. வகுப்பே சிரித்தது. தங்கை ஐந்து. "போச்சுடா, இன்னொண்ணு காலி!" என்று சிரிப்பவர்கள் ஆறாம் எண், நான் அதில் விழுந்தேன். சத்தம் அடங்கட்டும் என்று இருந்த இடத்திலேயே ஒதுங்கிக் காத்திருப்பவர் நான்கு. "அது நான்" என்றார் நம்பர் அக்கா, ஏதோ ஊர் பேர் சொல்வதைப் போல.

ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார். உங்கள் எண்ணுக்குரிய குணங்கள், பேச்சு, பலவீனம் எல்லாம் இரண்டு பக்கத்தில். "இது உங்களுக்குச் சட்டை, அவ்வளவுதான். தோல் இல்ல" என்று எச்சரித்தார். வீட்டுக்குப் போய் என் தாளை மனைவியிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டு, "இதுக்கு ஏன் மெனக்கெட்டு பஸ் ஏறிப் போனீங்க? நானே சொல்லியிருப்பேனே" என்றாள்.

லிப்ட்காரரின் பதிலைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாற்பது வயதிருக்கும். பார்த்ததும் பிடித்துப்போகும் முகம். ஆனால் திரும்பிக்கொண்டதும் ஞாபகத்தில் நிற்காது. டம்ளர் கேள்விக்கு அவர், "பக்கத்துல யாரு இருக்காங்க?" என்று கேட்டார்.

"யாரோ இருக்காங்க. அதுவா முக்கியம்?"

"எங்க மாமியார் இருந்தா ஓடுவேங்க. மச்சான் இருந்தா சிரிப்பேன்."

"யாருமே இல்ல. வீட்ல நீங்க மட்டும்தான். டம்ளர் உடையுது. என்ன பண்ணுவீங்க?"

அவர் வெகுநேரம் யோசித்தார். விளையாட்டாக இல்லை, நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது. கடைசியில், "அப்போ டம்ளர் உடையாதுங்க" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. நம்பர் அக்கா தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தார். இருபது வருடப் பழக்கத்தில் முதல் தடவையாக எண் வரவில்லை போலும். ஏதோ ஒன்றைக் கொடுத்தாக வேண்டுமே என்று, "ஒண்ணு" என்று முதல் தாளை நீட்டினார். "சரிங்க" என்று வாங்கி, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு நாங்கள் போனபோது நாற்காலிகள் எல்லாம் துடைத்துப் போடப்பட்டிருந்தன. ஜன்னலோரம் வெயில் படும் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார், மற்றவர்களுக்கு நிழல் கிடைக்கட்டும் என்று. "சாப்பிட்டீங்களா? களைப்பாத் தெரியறீங்களே" என்று ஒவ்வொருவராகக் கேட்டார். அந்த அன்பில் ஒரு குறை சொல்ல முடியாது. நர்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு மட்டும் அந்த வாக்கியத்தை எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. இடைவேளையில் நர்ஸின் தாளை வாங்கிப் பார்த்தேன். 'களைப்பாகத் தெரிகிறீர்களே' என்பது முதல் பக்கம், நான்காவது வரி. வெயில் படும் நாற்காலியும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை பிற்பகல், நம்பர் அக்கா வேலை செய்வதைப் பார்க்கக் கடைக்குப் போயிருந்தேன். சோதனை அறையில் விளக்கை அணைத்துவிட்டு, மூலையில் ஒரு முக்காலியில் என்னை உட்கார வைத்திருந்தார். ஒரு பெண் வந்து நாற்காலியில் அமர்ந்தாள். சீருடை தைக்கும் கடையில் வேலை. விரல் நுனியெல்லாம் ஊசித் தழும்பு. கனமான சோதனைச் சட்டத்தை அவள் மூக்கில் மாட்டி, லென்ஸைச் செருகி, "இது தெளிவா, அது தெளிவா?" என்று ஆரம்பித்தார் நம்பர் அக்கா.

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றாள் அந்தப் பெண். "எங்க வீட்டுக்காரருக்கு என்ன குடுத்தீங்க?"

நம்பர் அக்காவின் கை லென்ஸோடு நின்றது.

"லிப்ட் வேலை பாக்கறாரே, அவரு. அந்தத் தாளைக் கொண்டாந்ததுலேருந்து என்னைத் தாங்கு தாங்குன்னு தாங்கறாரு."

"நல்ல விஷயம்தானேம்மா?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். அப்புறம் சட்டையத் தோய்க்க எடுத்தப்போ அந்தத் தாளைப் பாத்தேன். வரிக்கு வரி அதுல இருக்கு. முந்தாநாள் என் தலையைத் தடவிவிட்டாரு பாருங்க, அதுகூட இருக்கு."

"அப்போ முன்னாடி எப்படி இருந்தாரு? அதச் சொன்னீங்கன்னா நான் சரியான நம்பரா..."

"அதத்தான் ரெண்டு நாளா யோசிக்கறேன்." சட்டத்துக்குள் அவள் கண்கள் பெரிதாகத் தெரிந்தன. "பதினோரு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். ஒண்ணுமே சொல்லத் தெரியல. எங்கம்மா வந்தா எங்கம்மா பெத்த புள்ள மாதிரி இருப்பாரு. எங்கண்ணன் வந்தா ரெண்டும் கூட்டுக் களவாணிங்க. நல்ல மனுசன், எல்லாரோடயும் ஒத்துப்போறாருன்னு நெனச்சேன். போன மாசம் மத்தியானமே வீட்டுக்கு வந்துட்டேன். ஜன்னல் வழியா பாத்தா, நாற்காலியில உக்காந்திருக்காரு. பேன் ஓடல, போன் கையில இல்ல. தூங்கவும் இல்ல, கண்ணு தெறந்திருக்கு. ஆணியில தொங்கற சட்டை மாதிரி இருந்தாரு. நான் சாவியப் போட்டேன். அந்தச் சத்தத்துக்கு அவரு..." அவள் வார்த்தையைத் தேடினாள். "முழிச்சாருன்னு சொல்ல மாட்டேன். ஆரம்பிச்சாரு."

அந்த இருட்டில் எதிர்ச்சுவரின் எழுத்துப் பலகை மட்டும் வெளிச்சமாக இருந்தது.

"நம்பருங்கறது வெறும் சட்டைம்மா" என்றார் நம்பர் அக்கா மெதுவாக.

"சட்டைதான். கழட்டினா உள்ள ஆளு இருக்கணும்ல?"

நம்பர் அக்கா சட்டத்தைக் கழற்றி, லென்ஸ்களைத் துணியால் துடைத்துப் பெட்டியில் அடுக்கினார். ஒன்றை இரண்டு முறை துடைத்தார்.

எண் தப்பாகிவிட்டது, அவ்வளவுதான் என்று அவர் தீர்மானித்திருக்க வேண்டும். மூன்றாம் ஞாயிறு வகுப்பு தொடங்கியதும் லிப்ட்காரரிடம், "நீங்க ஒண்ணு இல்ல. நாலு" என்று சொல்லி வேறு தாளைக் கொடுத்தார். அவர் "சரிங்க" என்றார். கால்மணி நேரம் தாளைப் படித்தார். அப்புறம் எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரோரம் போட்டுக்கொண்டார். நர்ஸ் அவருக்கென்று வீட்டிலிருந்து எதையோ டப்பாவில் கொண்டுவந்திருந்தார். நீட்டினபோது, அந்தக் கை எதற்கு நீள்கிறது என்று தெரியாதவர் போலப் பார்த்தார். குரல் இறங்கிப்போயிருந்தது. கன்னம்கூட ஒட்டியிருந்த மாதிரிதான் எனக்குப் பட்டது.

இடைவேளையில் கீழே கடையில் தம்பியோடு நின்றிருந்தேன். மேலே யாரோ பேசுவது கேட்டது. "யாரு, அக்காவா பேசறது?" என்றார் தம்பி. நான் படியேறிப் பார்த்துவிட்டு வந்தேன். பேசிக்கொண்டிருந்தது லிப்ட்காரர். "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று ஓட்டுநரிடம் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வி தாளில் இல்லை.

அதைச் சொன்னதும் தம்பி கல்லாப்பெட்டியின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார். சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கினார்.

"அக்கா முன்னாடி இப்படி இல்லீங்க. வாய் ஓயாது அவளுக்கு. சினிமாவுக்குப் போனா பின்னாடி சீட்டுக்காரன் சண்டைக்கு வருவான். தெரு முனையில அவ சிரிச்சான்னா எங்கம்மா அடுப்புல வெந்நி வைக்கும், அவ வந்துட்டாள்னு. இருபத்திரெண்டு வருஷம் முன்னாடி யாரோ ஒருத்தர் வகுப்பு எடுக்கறாருன்னு போனா. பத்து நிமிஷம் இவளப் பாத்துட்டு நாலுன்னு சொல்லிட்டாராம். வீட்டுக்கு வந்தா. அன்னிக்கு ராத்திரி சோத்துக்கு உக்காந்தப்போ பேசல. மறுநாளும் பேசல. பக்குவம் வந்துடுச்சுன்னு நாங்க சந்தோஷப்பட்டோம்."

"கல்யாணம்?"

"ஒருத்தர் வந்தாரு. லென்ஸ் தேய்க்கற இடத்துல வேலை. அவளுக்குப் பிடிச்சுத்தான் இருந்துச்சு, எனக்குத் தெரியும். அந்த நாலாம் நம்பர் தாளை அவர் கையில குடுத்து, நான் இப்படித்தான், படிச்சிட்டுச் சொல்லுங்கன்னா. அவரு படிச்சிட்டுப் போயிட்டாரு." தம்பி குரலைத் தாழ்த்தினார். "அந்த மனுசன் மேல தப்பு இல்லீங்க. அந்தத் தாளைப் படிச்சா யாரும் போயிடுவாங்க."

நான் திரும்பியபோது நம்பர் அக்கா மாடிப்படியின் பாதியில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. முகத்தில் கோபமோ வருத்தமோ இல்லை. "வெந்நியா?" என்று மட்டும் கேட்டார் தம்பியிடம். "அம்மா வெந்நி வைக்குமா?"

"ஆமாக்கா. உனக்கு ஞாபகம் இல்லையா?"

அவர் தலையை ஆட்டினார். இல்லை என்றா, இருக்கிறது என்றா என்று எனக்குப் புரியவில்லை.

நான்காம் ஞாயிறு மற்றவர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். லிப்ட்காரரையும் அவர் மனைவியையும் மட்டும் வரச் சொல்லியிருந்தார். நானும் போனேன், தடுக்கவில்லை. மேலே அறையில் ஒரே ஒரு நாற்காலி. லிப்ட்காரரிடமிருந்து தாளை வாங்கிக்கொண்டு, அவரை உட்கார வைத்து, கதவை லேசாகச் சாத்திவிட்டு நாங்கள் மூவரும் படிக்கட்டில் நின்றோம். பத்து நிமிடம் கழித்து இடைவெளியில் பார்த்தோம். தையல்காரப் பெண் சொன்னபடியேதான் இருந்தார். கண் திறந்திருந்தது. அதற்குள் யாரும் வந்து போகிற மாதிரி இல்லை.

"நான் போய்ப் பக்கத்துல உக்காருறேன்" என்று கிசுகிசுத்தார் நம்பர் அக்கா. "பேச மாட்டேன், பாக்க மாட்டேன். நான் எதையும் குடுக்கலேன்னா அவருக்கு எடுத்துக்க ஒண்ணும் இருக்காது. எவ்வளவு நேரம்தான் ஒரு மனுசன் சும்மா இருப்பான்? தன்னால ஏதாவது ஒண்ணு வெளிய வரும். ஒரு கொட்டாவி வரட்டும், போதும். அது அவரோடது."

இன்னொரு நாற்காலியை எடுத்துப்போய், அவருக்குக் கொஞ்சம் பின்தள்ளி, அவர் கண்ணில் படாத இடத்தில் போட்டு உட்கார்ந்தார்.

நானும் அந்தப் பெண்ணும் படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். தரையில் விழுந்த ஜன்னல் வெளிச்சம் மெல்ல நகர்ந்து அவர்கள் பாதத்தைத் தொட்டு, தாண்டிப் போயிற்று. ஒரு ஈ நம்பர் அக்காவின் கையில் வந்து உட்கார்ந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நடந்தது. அவர் ஓட்டவில்லை. அது பறந்து லிப்ட்காரரின் கழுத்தில் உட்கார்ந்தது. அவரும் ஓட்டவில்லை. அவருக்காகப் பொறுமையாக இருக்கிறார் அக்கா என்றுதான் முதலில் நினைத்தேன். அரைமணி நேரம் ஆனபோது அந்த நினைப்பு எனக்குப் போய்விட்டது. அக்கா பொறுமையாக இல்லை. அவர் அங்கே இல்லவே இல்லை. இரண்டு நாற்காலிகளில் எது யாருடையது என்று சொல்ல உடையைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

அந்தப் பெண்ணின் கையிலிருந்த குடை நழுவிப் படியில் விழுந்தது.

இருவர் தலையும் ஒன்றாகத் திரும்பின. ஒருவரைப் பார்த்து மற்றவர் திரும்பவில்லை, அதற்கு நேரமில்லை. உதட்டின் இடது ஓரத்தில் ஒரே அளவில் ஒரு சிரிப்பு ஆரம்பித்தது. "வாங்க" என்றார்கள், ஒரே குரலில்.

அந்தப் பெண்ணின் நகங்கள் என் முழங்கையில் பதிந்தன. நம்பர் அக்கா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பு அவர் முகத்தில் அப்படியே நின்றுவிட்டது, இறக்கி வைக்க இடம் தெரியாத மாதிரி.

"நான் இப்போ என்ன பண்ணேன்?" என்றார்.

அந்தப் பெண் குனிந்து குடையை எடுத்துக்கொண்டாள்.

ஐந்தாம் வகுப்பு நடக்கவில்லை. எங்கள் தாள்களையெல்லாம் ஆள் அனுப்பித் திரும்ப வாங்கிக்கொண்டார். ஓட்டுநர் மட்டும் கொடுக்க மறுத்துவிட்டாராம். "எனக்கு இதுல எல்லாம் கரெக்டா இருக்கு" என்றாராம்.

இரண்டு மாதம் கழித்து ஒரு முற்பகல், எனக்கே கண்ணாடி மாற்ற வேண்டி வந்தது. கடையில் அந்தத் தையல்காரப் பெண் நின்று பேசிக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொன்ன மாதிரி ஒண்ணும் குடுக்காம விட்டுட்டேங்க்கா. எதைக் கேட்டாலும், நீங்களே சொல்லுங்கன்னுட்டு நான் அடுப்பங்கரைக்குப் போயிடறது. பாவமா இருக்கும், நடு வீட்ல அப்படியே நிப்பாரு. ஆறு வாரம். போன வியாழக்கிழமை திடீர்னு, எனக்கு இந்த ஜன்னல் பச்சைத் துணி பிடிக்கலேன்னாரு."

"பிடிக்கலையாமா?" நம்பர் அக்கா முன்னால் சாய்ந்தார்.

"நான் பாத்துப் பாத்துத் தச்சதுங்க்கா. ஒரு மூச்சு அழுதுட்டேன். சந்தோஷம்தான். அப்புறம் கொஞ்சம் பயமாவும் போச்சு. அந்தக் குரல நான் கேட்டதில்ல. யாரோ புதுசா வீட்டுக்குள்ள வந்து, என் துணியப் பாத்துக் குத்தம் சொல்ற மாதிரி." சிரிக்கப் பார்த்தாள். "கழட்டிட்டேன். இப்போ ஜன்னல் மொட்டையா இருக்கு. வேற என்ன கலர் வேணும்னு கேட்டிருக்கேன். இன்னும் சொல்லல."

அவள் போனபின் நம்பர் அக்கா என் கண்ணைச் சோதித்தார். லென்ஸை மாற்றும்போது வழக்கமான கேள்வி வாய்வரை வந்து நின்றது. "எப்படி இருக்கு, நீங்களே சொல்லுங்க" என்றார். எனக்குச் சட்டென்று ஒன்றும் சொல்ல வரவில்லை.

தம்பி தேநீர் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். இரண்டு கோப்பை, நடுவில் சர்க்கரைக் கிண்ணம், ஒரு கரண்டி. நான் என் கோப்பையை எடுக்கப் போனேன். நம்பர் அக்கா சட்டென்று என் கோப்பையின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார்.

"இருங்க. நீங்க எவ்வளவு போட்டுக்கறீங்கன்னு நான் பாக்கக் கூடாது."

கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கரண்டியை எடுத்தார், கீழே வைத்தார். பிறகு எழுந்து வந்து, என் தோள்கள் இரண்டையும் பிடித்து, ஒரு குழந்தையைத் திருப்புவதைப் போல மெதுவாக என்னைச் சுவரைப் பார்க்கத் திருப்பி நிறுத்திவிட்டு, தன் கோப்பைக்குத் திரும்பிப் போனார்.